கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வரும்!

ஐஸ்கிரீம் வைக்கிற ஃப்ரீசருக்குள் யாராவது லேப்டாப்பை வைப்பார்களா? ஒருவர் வைத்தார், குழந்தைகளே! விளையாட்டுக்காக அல்ல, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்வதற்காக.

அது நடந்தது 2018ம் ஆண்டு ஜூலை மாதம். கனடாவைச் சேர்ந்த டேவ் லீ என்பவர், புதிதாக வரும் கம்ப்யூட்டர்களைச் சோதித்துப் பார்த்து, 'யூ டியூப்'பில் விளக்குபவர். அப்போதுதான் வெளிவந்திருந்த ஆப்பிள் நிறுவனத்தின், 'மேக்புக் ப்ரோ' லேப்டாப்பில் ஒரு வீடியோவைத் தயாரித்தார். 39 நிமிடங்களுக்கு மேல் ஆனது. முந்தைய ஆண்டு வந்த பழைய மாடலோ, அதே வேலையை 35 நிமிடங்களில் முடித்துவிட்டது!

'புதியது எப்படிப் பழையதிடம் தோற்கும்? சூடுதான் காரணமோ?' என்று யோசித்தார் லீ. லேப்டாப்பை ஃப்ரீசரில் வைத்து, அதே வேலையைக் கொடுத்தார். 27 நிமிடங்களில் முடிந்தது. சந்தேகம் தீர்ந்தது!

சூட்டுக்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு?

கம்ப்யூட்டரின் மூளை, 'பிராசசர்' என்ற சிப். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணிய சுவிட்சுகள் இருக்கின்றன. அவற்றில் மின்சாரம் பாயும்போது சூடு உண்டாகும். அந்த லேப்டாப்பில் இருந்த சிப்பின் சூடு, 100 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அதாவது, தண்ணீர் கொதிக்கும் சூடு!

இதைக் கண்காணிக்க உள்ளே ஒரு காவல்காரர் உண்டு. அவர் பெயர், 'ஃபர்ம்வேர்'. கம்ப்யூட்டரை அணைத்தாலும் அழியாமல், அதன் சிப்பிலேயே பதிந்திருக்கும் புரோகிராம் இது. சூடு ஏறினால், முதலில் மின்விசிறியை வேகமாகச் சுற்ற வைக்கும். போதாவிட்டால், சிப்பின் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால், கம்ப்யூட்டரையே அணைத்துவிடும். சிப் கருகாமல் காப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

காவல்காரரே தவறு செய்தால்?

சூடு ஏறியும் விசிறி சுற்றாமல் இருக்கலாம். சூடே இல்லாதபோதும் கம்ப்யூட்டர் அணைந்து போகலாம். ஃபர்ம்வேரில் இருக்கும் இப்படிப்பட்ட பிழையைத்தான், 'பக்' என்கிறார்கள்.

லீ சோதித்த லேப்டாப்பிலும் அதுதான் நடந்தது. ஃபர்ம்வேரில் இருக்க வேண்டிய ஒரு 'டிஜிட்டல் சாவி' விடுபட்டிருந்ததை ஆப்பிள் கண்டுபிடித்தது. அதனால், சூடு ஏறியபோது சிப்பின் வேகம் அளவுக்கு மீறிக் குறைந்திருக்கிறது. லீயின் வீடியோ வந்த ஒரே வாரத்தில், ஜூலை 24ம் தேதி, மன்னிப்புக் கேட்டு, திருத்திய புரோகிராமை வெளியிட்டது அந்த நிறுவனம். ஒரு திருகாணியைக் கூடக் கழற்றாமல் குறை சரியானது!

இதற்கு முன், 2006ம் ஆண்டில் வந்த, 'மேக்புக்' லேப்டாப்கள் சில, திடீர் திடீரென்று தாமாகவே அணைந்தன. அந்தக் குறையைப் போக்கவும், அக்டோபர் மாதம் புதிய ஃபர்ம்வேரையே வெளியிட்டது ஆப்பிள்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் சூடாகி அணைகிறதா? உடனே, 'கெட்டுப் போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா, லேப்டாப்பை மெத்தை மீது வைத்து துளைகளை மூடிவிட்டோமா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால், புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பதியும்போது மட்டும் நடுவில் கரன்ட் போகக் கூடாது. போனால், கம்ப்யூட்டர் மறுபடி இயங்காமலே போகலாம்.

ஃப்ரீசர் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்! வெளியே எடுத்ததும், உள்ளே நீர்த்துளிகள் படிந்து, நல்ல கம்ப்யூட்டரும் பாழாகிவிடும். லீயிடம் நாம் கற்க வேண்டியது ஃப்ரீசரை அல்ல. 'ஏன் இப்படி ஆகிறது?' என்று கேட்டு, விடை கிடைக்கும் வரை விடாத குணத்தை!