பட்டம் தரும் உரிமை

சென்னையில் சர்தார் பட்டேல் சாலையை ஒட்டி இரு பெரும் கல்விநிலையங்கள் அமைந்துள்ளன. ஒன்று அண்ணா பல்கலைக்கழகம். மற்றொன்று இந்தியத் தொழில்நுட்பக் கழகம். முன்னதன் வளாகத்துக்குள்ளேயே கிண்டிப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மூன்றிலும் பொறியியல் கற்பிக்கப்படுகிறது, ஆய்வும் நடைபெறுகிறது. அவ்வாறிருக்கப் பெயர்கள் வேறுபடுவது ஏன்? சிறியது கல்லூரி, பெரியது பல்கலைக்கழகம் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழை. திமிங்கிலத்தை உயிரியலார் மீனினின்று பிரிப்பது உடலளவு கொண்டன்று. நுரையீரலால் மூச்சுவிடுவதும் குட்டிக்குப் பாலூட்டுவதும் கொண்டே. கல்விநிலையங்களைப் பகுக்கவும் அத்தகைய அடிப்படை இயல்பு ஒன்று உண்டு. பட்டம் வழங்கும் உரிமை எவரிடம் உள்ளது என்பதே அது.

சொற்களின் வேரை முதலில் காண்போம். ‘கல்லூரி’ நமக்குப் புதுச்சொல் அன்று; சீவக சிந்தாமணியிலேயே ஆளப்பட்டுள்ளது. ‘யுனிவர்சிட்டி’ என்பதன் மூலமான இலத்தீன் சொல், எல்லா அறிவையும் குறித்ததன்று. ஆசிரியரும் மாணாக்கரும் ஒன்றுகூடி அமைத்த குழுமத்தையே குறித்தது. எனவே ‘பல்கலைக்கழகம்’ என்னும் நம் சொல்லில் அப்பழம்பொருள் ‘கழகம்’ என்னும் பின்பாதியில் தங்கியிருக்கிறது. கோவையில் 1971இல் அமைந்த வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு துறையையே முதன்மையாகக் கொண்டும் அப்பெயர் தாங்குவதில் முரண் இல்லை. ‘இன்ஸ்டிட்யூட்’ என்பதையோ தமிழ் கழகம் என்றும் நிறுவனம் என்றும் நிலையம் என்றும் பலவாறு வழங்குகிறது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, இலண்டன் பல்கலைக்கழகம் அதற்கு முன்மாதிரியாயிற்று. தொடக்கத்தில் அது கற்பிக்கவில்லை; தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. கற்பித்தவை கல்லூரிகள். ஒருவர் கற்பிக்க, மற்றொருவர் அளந்து சான்று தரும் இம்முறையே நம் இணைப்புக் கல்லூரிகளின் அடித்தளம். 1929இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ கற்பித்தலையும் பட்டமளித்தலையும் ஒரே வளாகத்தில் இணைத்தது.

இப்பெயர்களின் வளர்ச்சியை ஒருசேரக் காணக் கிண்டியே போதும். 1794இல் எட்டு மாணாக்கருடன் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. 1859இல் அது பொறியியல் கல்லூரியாயிற்று. 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. 1978இல் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி முதலியவற்றோடு இணைந்து, இன்றைய அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. அதுவரை அங்குப் பயின்றோர்க்குப் பட்டமளிக்கும் உரிமை சென்னைப் பல்கலைக்கழகத்தினிடம் இருந்தது. பின்னர் புதிய பல்கலைக்கழகத்திற்கு வந்தது.

இந்தியாவில் இவ்வுரிமை பிறக்கும் வழிகள் மூன்று. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் அவற்றை வரையறுக்கிறது. நடுவண் அரசோ மாநில அரசோ இயற்றும் சட்டத்தால் பல்கலைக்கழகமாவது ஒன்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்படுவது மற்றொன்று. 1909இல் நிறுவப்பட்ட பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1958இல் அந்நிலை எய்தியது. நாடாளுமன்றமே தனிச்சட்டத்தால் உரிமை அளிப்பது மூன்றாவது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இவ்வகையின. சட்டத்தால் அமையாத எந்நிலையமும் தன் பெயரில் பல்கலைக்கழகம் என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்ள இயலாது. ‘கழகம்’, ‘நிறுவனம்’ என்பவற்றுக்கு அத்தகைய காவல் இல்லை. ஆகவே அப்பெயரை மட்டும் கண்டு ஒன்றும் துணிதல் இயலாது.

சி. இராசம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை நோக்குக. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்ற இடம் அது. அங்கு அவர் பெற்றது பட்டம் அன்று, பட்டயம். அகமதாபாத் முதலிய இடங்களின் இந்திய மேலாண்மைக் கழகங்களும் 2017ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை பட்டயமே வழங்கின. பட்டத்துக்கும் பட்டயத்துக்கும் எழுத்தில் வேற்றுமை ‘ய’ ஒன்றே. சட்டத்தில் அவ்வேற்றுமை பெரிது. கல்வியின் ஆழத்திலோ அங்கு வேற்றுமை இல்லை என்பதற்குக் கலாமின் வாழ்வே சான்று.

வெளிநாட்டிலும் பெயர் தரத்தைக் காட்டுவதில்லை. அமெரிக்காவின் டார்ட்மத் முனைவர் பட்டம்வரை வழங்கியும் இன்றளவும் கல்லூரி என்றே தன்னை அழைத்துக்கொள்கிறது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றாய் விளங்கியும் பெயரை மாற்றவில்லை.

ஆதலின் பிள்ளைகளை மேற்படிப்பில் சேர்க்கும் பெற்றோர் பெயர்ப்பலகையை நோக்கி மயங்குதல் வேண்டா. பட்டச் சான்றிதழில் எவர் கையொப்பமிடுவர், அவ்வுரிமை எச்சட்டத்தால் வந்தது என்று வினவுக. பின்னர் ஆசிரியரையும் ஆய்வுக்கூடத்தையும் நூலகத்தையும் நேரில் காண்க. முதல் வினா சான்றின் செல்லுபடியைக் காட்டும். அடுத்தது கல்வியின் தரத்தைக் காட்டும்.

கல்லூரி என்னும் பெயரைத் தாழ்வென எண்ணுவோர் சென்னை மாநிலக் கல்லூரியை நினைக்க. மாணவராயிருந்த சி.வி. இராமன், செவ்வகத் துளையின் வழியே சாய்ந்து செல்லும் ஒளி தோற்றுவிக்கும் வரிகள் இருபுறமும் ஒத்திராமையை அங்கேதான் கண்டார். அதுபற்றிய கட்டுரை 1906இல் இலண்டனின் ‘பிலாசபிக்கல் மேகசின்’ இதழில் வெளிவந்தது. அவருக்குப் பட்டம் தந்தது சென்னைப் பல்கலைக்கழகம். அவ்வொளிவரிகளைக் கண்ட மேசை கல்லூரியினுடையது.