‘அபாயம் அதிகம்’: அந்தச் சொல்லில் இருப்பது யாருடைய கணக்கு?

ஒஷாவாவில் எங்கட வீட்டுச் சமையலறை லாச்சியில் ஒரு சின்ன மாத்திரைப் பெட்டி கிடக்கிறது. பொட்டாசியம் அயோடைட். டார்லிங்டன், பிக்கரிங் அணுமின் நிலையங்களைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் 2015இல் அனுப்பினார்கள். ஊரிலிருந்து வந்த மாமி அதைப் பார்த்துவிட்டு, "அப்ப இது வெடிக்கப் போகுது எண்டு அவங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார். அப்படியில்லை. நிலையம் பலவீனமாக இருக்கிறது என்பதற்காக மாத்திரை தரவில்லை. ஏதாவது நடந்தால் பக்கத்தில் இவ்வளவு சனம் இருக்கிறது என்பதற்காகத் தந்தார்கள். நடக்குமா என்பது ஒரு கேள்வி, நடந்தால் எவ்வளவு அழியும் என்பது வேறு கேள்வி.

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பினால் தலைகீழாக விளங்கிவிடுகிற விசயம் ஒன்று இருக்கிறது: சுரங்கக் கழிவு அணை. என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவர் சுரங்கக் கொம்பனிப் பங்குகள் வைத்திருக்கிறார். போன மாதம் ஆண்டறிக்கையைக் காட்டி, "அண்ணை, ஒரு அணைக்கு ‘உச்சம்’ எண்டு போட்டிருக்கிறாங்கள், மற்றதுக்கு ‘குறைவு’. குறைவு எண்டா பிரச்சினை இல்லைத்தானே?" என்றார்.

எங்கட ஆட்களுக்கு அணை என்றால் குளக்கட்டுத்தான் ஞாபகம் வரும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததை எங்கட வயதுக்காரர் மறக்கமாட்டினம். ஆனால் குளத்தில் இருப்பது தண்ணீர். பயம் வந்தால் வான்கதவைத் திறந்து இறக்கலாம். சுரங்க அணைக்குள் இருப்பது சேறு. ஒரு டன் பாறையை மாவாக அரைத்தால் சில கிலோ செம்புதான் வரும், மிச்சம் முழுக்கக் கழிவு. அதைத் தண்ணீரோடு குழாயில் கொண்டுபோய் மண் அணைக்குப் பின்னால் கொட்டுகிறார்கள். கழிவு ஏற ஏற அணையையும் உயர்த்துகிறார்கள். சில இடங்களில் பழைய சேற்றின் மேலேயே அடுத்த கட்டு ஏறுகிறது. சுரங்கம் மூடி, கொம்பனியும் கைமாறிய பிறகும் அணை அங்கேதான் நிற்கும்.

கனேடிய அணைகள் சங்கத்தின் வழிகாட்டியில் ஐந்து வகுப்புகள் உண்டு: குறைவு, குறிப்பிடத்தக்கது, அதிகம், மிக அதிகம், உச்சம். அணை எவ்வளவு உறுதி என்று இவை சொல்வதில்லை. உடைந்தால் கீழே என்ன அழியும் என்பதைத்தான் சொல்கின்றன. நூறு பேருக்கு மேல் சாகக்கூடும் என்றால் ‘உச்சம்’. நிரந்தரமாக ஒருவரும் வசிக்காத இடமென்றால் வகுப்பு இறங்கும், கூடவே கட்டும் அளவுகோலும் இறங்கும். உச்ச வகுப்பு அணை, அந்த இடத்தில் வரக்கூடிய மிகப் பெரிய வெள்ளத்தைத் தாங்க வேண்டும். குறைந்த வகுப்புக்கு நூறு வருசத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தைத் தாங்கினால் போதும். அதனால் தம்பி பயந்த ‘உச்சம்’தான் கூடுதல் கவனத்தோடு கட்ட வேண்டிய அணை.

அணையின் உறுதிக்கு வேறு மதிப்பீடு இருக்கிறது. அதையும் கண்ணை மூடி நம்ப முடியாது. பிரேசிலில் புருமாடின்யோ அணை அரச பதிவேட்டில் ‘உடையும் ஆபத்து குறைவு, உடைந்தால் சேதம் அதிகம்’ என்றுதான் இருந்தது. டூவ் சூட் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பிரேசில் கிளை 2018இல் உறுதிச் சான்றிதழும் கொடுத்தது. 2019 ஜனவரி 25 மதியம் அணை சரிந்தது. அணைக்கு நேர் கீழேதான் வாலே கொம்பனியின் அலுவலகமும் தொழிலாளர் சாப்பாட்டுக்கூடமும் இருந்தன. 270 பேர் செத்தார்கள். எச்சரிக்கைச் சங்கு ஊதவில்லை. சான்றிதழுக்குக் காசு கொடுப்பது சுரங்கக்காரன் என்பதை இங்கே ஞாபகத்தில் வைத்திருங்கோ.

பிரேசில்தானே என்று சொல்லவேண்டாம். 2014 ஓகஸ்ட் 4, நாங்களெல்லாம் நீண்ட வார இறுதி விடுமுறையில் இருந்த திங்கட்கிழமை. அன்று அதிகாலை பிரிட்டிஷ் கொலம்பியாவில் மவுண்ட் பொலி செம்பு, தங்கச் சுரங்கத்தின் அணை உடைந்தது. ஏறத்தாழ 25 மில்லியன் கனமீற்றர் தண்ணீரும் சேறும் பொலி ஏரிக்குள் புகுந்து, ஹேசல்டீன் ஓடையைக் கிழித்துக்கொண்டு, குவெனெல் ஏரியில் விழுந்தது. ஒருவரும் சாகவில்லை. அதனால்தானோ என்னவோ, ரொறன்ரோவில் அது இரண்டு நாள் செய்தியோடு முடிந்துபோனது.

மாகாண அரசு மூன்று பொறியியலாளர்களைக் கொண்ட சுயாதீனக் குழுவை அமைத்தது. 2015 ஜனவரியில் அறிக்கை வந்தது. அணைக்குக் கீழே, பனியுகத்து ஏரி விட்டுப்போன களிமண் படை ஒன்று இருந்தது. மேலே பாரம் ஏற ஏற அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. வெளிச்சரிவையும் முதலில் திட்டமிட்டதைவிடச் செங்குத்தாக ஏற்றியிருந்தார்கள். இன்னொரு கணக்கையும் குழு போட்டது: இப்போதிருக்கும் அணைகளின் எண்ணிக்கையும் நடத்தையும் மாறாவிட்டால், அந்த மாகாணத்தில் மட்டும் சராசரியாக 10 வருசத்துக்கு 2 உடைப்புகள் வரும்.

எனக்கு உறுத்துவது இதுதான். ஆள் குறைந்த இடத்துக்குக் குறைந்த வகுப்பு என்பது பொறியியலில் நியாயமாகப் படலாம். ஆனால் குவெனெல் ஏரிக்குச் சால்மன் ஏறி வரும், செக்வெபெம் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மீனில் வாழ்கிறார்கள். சூழலையும் பண்பாட்டையும் பார்க்கச் சொல்லி வழிகாட்டியில் வரி இருக்கிறதுதான். செத்தவர்களை எண்ணலாம். ஒரு சனத்தின் மீன்பிடியை எப்படி எண்ணுவது? ஊரை விட்டு வந்த எங்களுக்கு இது விளங்காத விசயமில்லை.

இதில் எங்களுக்கு என்ன பங்கு என்று கேட்பவர்களுக்கு: உலகில் பங்குச்சந்தைக்கு வந்த சுரங்கக் கொம்பனிகளில் பத்தில் நான்கு அளவுக்கு ரொறன்ரோச் சந்தைகளில்தான் பதிவாகியிருக்கின்றன. மவுண்ட் பொலியை நடத்தும் இம்பீரியல் மெற்றல்ஸும் அதில் ஒன்று. எங்கட ஓய்வூதியச் சேமிப்பைப் பங்கு நிதியில் போட்டவர்களில் பலர், தெரியாமலே ஏதோ ஒரு கழிவு அணைக்குச் சொந்தக்காரர். புருமாடின்யோவுக்குப் பிறகு கொம்பனிகளை வாய் திறக்க வைத்ததும் ஓய்வூதியப் பணம்தான். இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய நிதியும் சுவீடனின் அரச நிதிகளும் நூற்றுக்கணக்கான கொம்பனிகளுக்குக் கடிதம் எழுதி, ஒவ்வொரு அணையின் விபரத்தையும் கேட்டன. வந்த பதில்கள் 2020 ஜனவரி முதல் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, 1,700க்கு மேற்பட்ட அணைகள். அவற்றில் பத்தில் ஒன்று அளவில், எப்போதாவது உறுதிப் பிரச்சினை வந்திருக்கிறது என்று கொம்பனிகளே ஒத்துக்கொண்டிருக்கின்றன.

தம்பிக்கு அந்த இணையத்தளத்தைக் காட்டினேன். வகுப்பை மட்டும் பார்க்காதே, எப்படி உயர்த்தினார்கள், கடைசியாக வெளியாள் எப்ப வந்து பார்த்தவர், முன்னம் உறுதிப் பிரச்சினை வந்ததா என்ற கட்டங்களையும் வாசி என்றேன். வாசித்துவிட்டு அவர் கேட்டது மவுண்ட் பொலியைப் பற்றித்தான்: "அந்த அணைக்குப் பிறகு என்ன நடந்தது?" சுரங்கம் திரும்பத் திறந்தது. மத்திய மீன்பிடிச் சட்டத்தின் கீழ் 15 குற்றச்சாட்டுகள் பதிவாகப் பத்து வருசம் எடுத்தது, 2024 டிசம்பரில்தான். அடுத்த மார்ச்சில், அதே அணையை இன்னும் 4 மீற்றர் உயர்த்த மாகாண அரசு அனுமதி கொடுத்தது.