எழுதினால் மனப்புண் ஆறுமா?

வடிவியல் பெட்டியிலுள்ள பிளாஸ்டிக் கோணமானியை எடுத்துப் பாருங்கள். குறையேதும் இல்லாததாகத் தோன்றும். அதையே, ஒன்றுக்கொன்று குறுக்காக நிறுத்திய இரு போலராய்டுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து வெளிச்சத்தில் நோக்கினால், உடலெங்கும் வண்ணப் பட்டைகள் தெரியும். உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் அழுத்தி விரைவாகக் குளிரச் செய்தபோது உள்ளே சிக்கிக்கொண்ட தகைவின் அடையாளங்கள் அவை.

பெரம்பலூர்ப் பகுதியில் கல்லூரி ஆசிரியனாக இருக்கும் நான், இச்சோதனையை ஆண்டுதோறும் செய்து காட்டுவதுண்டு. ஒரு முறை, மற்றவர்கள் போனபின் ஒரு மாணவி தயங்கி நின்று, "சார், மனுஷங்களுக்குள்ளயும் இப்படி இருக்குமா?" என்று கேட்டார். "அதெல்லாம் பாடத்துல இல்லம்மா" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். அது எவ்வளவு பிழையான விடை என்பது பிறகுதான் உறைத்தது. அன்று சொல்லத் தவறியதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகத்தின் கதை

மேற்கு வங்கத்தில் வளர்ந்தவர் பேபி ஹால்தார். அவருக்கு நான்கு வயதானபோது தாய் வீட்டை விட்டுப் போய்விட்டார். தந்தையோ குடித்துவிட்டு அடிப்பவர். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதில், தம்மைவிடப் பதினான்கு ஆண்டு மூத்த ஒருவருக்கு அவர் மணம் செய்து வைக்கப்பட்டார். அங்கும் அடி உதைதான். 1999-ஆம் ஆண்டு, மூன்று குழந்தைகளுடன் ரயிலேறி டில்லிக்கு வந்தார். வீட்டு வேலை செய்து பிழைத்தார்.

பின்னர் குர்கானில், ஓய்வுபெற்ற மானிடவியல் பேராசிரியர் பிரபோத் குமாரின் வீட்டில் வேலை கிடைத்தது. இவர் இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். அலமாரியைத் துடைக்கும்போது வங்க மொழி நூல்களின் அருகே அந்தப் பெண் தயங்கி நிற்பதை அவர் கவனித்தார். தஸ்லிமா நஸ்ரின் தம் இளமைப் பருவம் பற்றி எழுதிய நூலைப் படிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, உன் வாழ்க்கையை எழுது என்றார். குழந்தைகள் உறங்கிய பின் இரவில் பேபி எழுதலானார். அதைப் பேராசிரியர் இந்தியில் பெயர்க்க, 2002-இல் 'ஆலோ ஆந்தாரி' என்ற நூலாக வெளிவந்தது. ஊர்வசி புட்டாலியாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2006-இல் வந்தது.

இந்நூலில் ஒரு விந்தை உண்டு. 'நான்' என்று எழுதிக்கொண்டே வருபவர், சில இடங்களில் தம்மையே 'பேபி' என்று வேறொருத்தியைப் போலக் குறிப்பிடுகிறார். இது ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

உடல் மறப்பதில்லை

ஆபத்து நேரும்போது, மூளையிலுள்ள வாதுமைக் கொட்டை அளவான அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை எழுப்புகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் இரத்தத்தில் பெருகுகின்றன. நெஞ்சு படபடக்கிறது. பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இந்த ஏற்பாடு மிகவும் நல்லது. ஆனால் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால் குழந்தை எங்கே ஓடும்? எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு செருப்புச் சத்தமோ, ஒரு வாடையோ அதனை மீண்டும் எழுப்பிவிடுகிறது.

அமெரிக்காவின் சான் டியகோ நகரில் பெலிட்டி, அண்டா ஆகிய மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. இளமையில் பட்ட கொடுமைகளின் வகைகள் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுவதை அது காட்டியது.

ஆனால் வாய்ப்பு வேறு, விதி வேறு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். மிக இடர்ப்பட்ட சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையை அடைந்தனர். அக்குழந்தைகளிடம் காணப்பட்ட பொதுக் கூறுகளுள் முக்கியமான ஒன்று, பாட்டியோ ஆசிரியரோ, அன்பு காட்டிய ஒருவராவது அவர்களுக்கு இருந்தார் என்பதே.

எழுத்து செய்யும் வேலை

கண்ணாடிப் புட்டியை உருக்கி வார்த்தபின் சட்டென்று குளிர விட்டால், உள்ளே தகைவு தங்கி, பின்னொரு நாள் சிறு தட்டிலும் உடையும். ஆகவே தொழிற்சாலையில் அதைச் சூட்டறையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிடுவர். தமிழில் சூடும் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது.

எழுத்தால் மனம் ஆறுமா என்பதைச் சோதித்தவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். 1986-இல் வெளியான ஆய்வில், கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் செய்தார். சிலர் சாதாரணச் செய்திகளை எழுதினர். சிலர் தம் வாழ்வின் பெருந்துன்பத்தை எழுதினர். துன்பத்தை எழுதியவர்களுக்கு உடனடியாக வருத்தம் கூடவே செய்தது. ஆனால் நிகழ்ச்சியோடு உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ நிலையத்துக்குச் சென்றது குறைந்திருந்தது. பிற்கால ஆய்வுகள், பயன் உண்டு, ஆனால் அது மிதமானதே என்கின்றன.

சிதறிக் கிடக்கும் அச்சங்களை எழுத்து, முன்பின் உள்ள ஒரு கதையாகக் கோக்கிறது. 'அப்போது நடந்தது, இப்போது நடக்கவில்லை' என்ற பிரிவினை மனத்துக்குக் கிடைக்கிறது. துன்பத்தைச் சற்று விலகி நின்று, பிறருக்கு நேர்ந்ததுபோல் நோக்கினால் அதன் வேகம் தணிகிறது என்று ஈத்தன் கிராஸ் முதலியோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. பேபி ஹால்தார் தம்மை 'பேபி' என்று எழுதியதற்கு இதுவும் ஒரு விளக்கமாகலாம்.

எச்சரிக்கை

எழுதும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது. தூக்கமின்மை, இடைவிடாத அச்சம் போன்றவை இருந்தால் மனநல மருத்துவரை நாட வேண்டும். மேலும், கொடுமை நடந்துகொண்டிருக்கும்போது நோட்டுப் புத்தகம் தீர்வாகாது. முதலில் அதை நிறுத்த வேண்டும். 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து, மூவரில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானதாகக் கூறியது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம் 2012-இல் வந்தது. உதவி தேவைப்படும் குழந்தையோ, அதை அறிந்தவரோ 1098 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

கேள்வி கேட்ட மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். கோணமானிச் சோதனையை இன்றும் செய்கிறேன். ஆனால் முடிந்ததும் அறையைப் பூட்டிக்கொண்டு புறப்படுவதில்லை. யாராவது தயங்கி நிற்கக்கூடும் என்று சிறிது நேரம் அங்கேயே இருக்கிறேன்.