பரீட்சையா? ஆராய்ச்சியா?

"அப்பா! நான் ஓர் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்!"

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் இப்படிச் சொன்னதும், தகப்பனாரின் கையிலிருந்த காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஆராய்ச்சியா? மார்ச்சில் பரீட்சை அம்மா! அதை முதலில் பார்."

"பானைத் தண்ணீர் சில நாள் ஜில்லென்று இருக்கிறது. சில நாள் அப்படி இல்லை. ஏன் என்று அளந்து பார்க்க வேண்டும். டீச்சர்கூடச் செய்யலாம் என்கிறார்."

இது ஒரு வீட்டுப் பேச்சு அல்ல. பல வீடுகளில் நடப்பதுதான். மார்க்கு குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பெற்றோருக்கு. இப்போது அடக்கிய ஆசை பிறகு திரும்பி வருமா என்ற ஏக்கம் பிள்ளைக்கு. இரண்டுமே நியாயமானவை. அப்படியானால் எப்படி முடிவு செய்வது?

ஒன்பது வயதுச் சிறுமி

1996-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி, பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு சோதனை செய்தாள். நோயாளியின் உடலைத் தொடாமலே, அதைச் சுற்றியுள்ள சக்தியைக் கைகளால் உணர்ந்து குணப்படுத்துவதாகச் சிலர் சொல்லி வந்தார்கள். எமிலி அவர்களைத் தடுப்புப் பலகைக்கு அப்பால் உட்கார வைத்து, இரண்டு கைகளையும் துவாரங்கள் வழியே நீட்டச் சொன்னாள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைக் காட்டினாள். "எந்தக் கை?" என்று கேட்டாள். அவ்வளவுதான்!

21 பேரிடம் மொத்தம் 280 தடவை கேட்டாள். சரியான விடை வந்தது 123 தடவை. அதாவது 100-க்கு 44. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 50 கிடைத்திருக்கும்! 1998 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் இது வெளியாயிற்று. கட்டுரை எழுதப் பெரியவர்கள் துணை செய்தார்கள். நர்ஸாக இருந்த அவளுடைய தாயும் அவர்களில் ஒருவர். ஆனால், கேள்வி சிறுமியுடையது.

பரீட்சையும் கெடவில்லை

நம் ஊர்க் கதையும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது சர் சி. வி. ராமன் ஒளியைப் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்தார். அது 1906-இல் லண்டன் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18. அதனால் படிப்பு கெட்டதா? இல்லை. 1907-இல் எம்.ஏ. தேறினார், நிதி இலாகா உத்தியோகத்துக்கும் தேர்வானார். கல்கத்தாவில் ஆபீஸ் வேலை போக, மற்ற நேரத்தில் ஆய்வுக் கூடத்தில் உழைத்தார். 1930-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

எல்லாப் பிள்ளைகளும் ராமன் ஆகிவிட முடியாது என்பது உண்மை. ஆகவே, "சரி" என்று சொல்லுமுன் நான்கு விஷயங்களைக் கவனிப்பது நல்லது.

நான்கு கேள்விகள்

முதலாவது, கேள்வி யாருடையது? கண்காட்சிக்காகக் கடையில் வாங்கி ஒட்டும் மாடலுக்கு ஆராய்ச்சி என்று பெயர் இல்லை. அதற்காக ஒரு நாளைக்கூட வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது, கைக்கு எட்டும் சாமான்கள் போதுமா? பானை சோதனைக்கு ஒரு மண்பானை, பக்கத்தில் ஓர் எவர்சில்வர் பாத்திரம், ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மூன்றாவது, எவ்வளவு நேரம் பிடிக்கும்? தினம் 20 நிமிஷம் வீதம் ஆறு வாரம் என்றால், மொத்தம் 14 மணி நேரம். இதைப் பயந்துகொண்டே பேசுவதைவிடக் கணக்குப் போட்டுப் பேசுவது மேல். பாடத்தில் ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளையானால், அந்த 14 மணி நேரமும் பெரிதுதான். அப்போது பரீட்சைக்குப் பிறகு வரும் கோடை விடுமுறைக்கு ஒத்திப்போடுவதில் தவறில்லை. ஆனால், நாளைக் குறித்துக்கொண்டு ஒத்திப்போட வேண்டும்.

நான்காவது, "இல்லை" என்ற விடை வந்தால் ஏற்க மனம் இருக்கிறதா? எமிலிக்குக் கிடைத்த விடை "இல்லை" என்பதுதான்!

புத்தகத்தில் இல்லாதது

பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உஷ்ணத்தை எடுத்துச் செல்கிறது. புழுக்கமான நாளில் ஆவியாவது குறைகிறது. காரணம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால், தன் வீட்டுப் பானை எந்த நாளில் எத்தனை டிகிரி குளிர்ந்தது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைத் தானே அளந்து எழுதியவள், பிறர் சொல்வதை அப்படியே நம்பிவிடமாட்டாள். மார்க்கு ஷீட்டில் ஏறாத லாபம் இது.

தகப்பனார் கணக்குப் போட்டுப் பார்த்தார். "ஆறு வாரம்தான். மாதப் பரீட்சையில் மார்க்கு இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். சம்மதமா?" என்றார். மகள் தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் முதல் கேள்வி கேட்டது அவர்தான்.

"பானை இன்றைக்கு எத்தனை டிகிரி அம்மா?"