ருய் லோபஸ்: நியூயோர்க்கில் பத்தாவது ஆட்டம்

அரசனுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்குவது சதுரங்கத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. அந்த ஒரே நகர்வால் பலகையின் நடுவே இடம் கிடைக்கிறது. அரசிக்கும் ஒரு மந்திரிக்கும் வழி திறக்கிறது. கறுப்பும் அவ்வாறே ஆடினால், வெள்ளைக் குதிரை எதிர்ச் சிப்பாயைத் தாக்கும். கறுப்புக் குதிரை அதற்குக் காவலாக வரும். மூன்றாம் நகர்வில் வெள்ளை மந்திரி வந்து அந்தக் காவல் குதிரையையே நெருக்கினால், அது ருய் லோபஸ் ஆரம்பம். 1561இல் சதுரங்க நூல் வெளியிட்ட ஸ்பானியப் பாதிரியாரின் பெயர் அது.

இந்த ஆரம்பத்தின் வலிமையை 1995ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டி நன்கு காட்டியது. நியூயோர்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில் கரி கஸ்பரோவும் சென்னையைச் சேர்ந்த விஸ்வநாதன் ஆனந்தும் மோதினர். முதல் எட்டு ஆட்டங்களும் சமநிலை. ஒன்பதாவதில் வென்ற ஆனந்த் 5–4 என முந்தினார்.

பத்தாவது ஆட்டத்தில் கஸ்பரோவுக்கு வெள்ளை. ஆனந்த் ‘திறந்த’ கிளையைத் தேர்ந்தார். அதில் கறுப்புக் குதிரை நடுச் சிப்பாயை வெட்டும். காய்கள் தாராளமாக இயங்கும். ஆனால் கறுப்பு அரசன் நடுவிலேயே தங்க நேரும். ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் இதே வழியில் சென்று சமநிலை கண்டிருந்தார்.

இம்முறை 14ஆவது நகர்வில் கஸ்பரோவ் மந்திரியைப் பின்னிழுத்து அரசியைத் தாக்கினார். முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் தால் முன்பே சொல்லிவைத்த யோசனை அது. கஸ்பரோவ் அதை வீட்டில் ஆராய்ந்து வந்திருந்தார். ஆனந்த் முக்கால் மணி நேரம் யோசித்தார். 17ஆவது நகர்வில் கறுப்பு அரசி மூலைக் கோட்டையை வெட்டியது. அரசன் நடுவில் நிற்க, அரசி தூரத்தில் சிக்கியது. 19ஆவது நகர்வில் வெள்ளையின் மற்ற மந்திரி வழிவிட்டதும், பின்னாலிருந்த கோட்டை அந்த அரசியைக் குறிவைத்தது. அரசி விலக, அதே மந்திரி ஒரு சிப்பாயையும் கறுப்புக் கோட்டையையும் அடுத்தடுத்து வெட்டியது. அரசிகள் பரிமாறப்பட்டபின் வெள்ளையிடம் ஒரு சிப்பாய் அதிகம். அதன் சிப்பாய்கள் முன்னேற, 38ஆவது நகர்வுடன் ஆனந்த் தோல்வியை ஏற்றார்.

போட்டி 5–5 ஆனது. இறுதியில் கஸ்பரோவ் 10½–7½ என வென்றார். ஆனந்த் 2000இலும், 2007 முதல் 2013 வரையும் உலகச் சாம்பியனாக விளங்கினார். நாலரை நூற்றாண்டாக ஆடப்படும் ஆரம்பத்திலும், ஆழ்ந்து தேடுபவருக்குப் புதிய நகர்வு கிடைக்கும் என்பதற்கு இந்த ஆட்டம் சான்று.