பழைய வீடு வாங்கும் முன்

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். சுழி பார்க்கிறோம். நடக்க விட்டுப் பார்க்கிறோம். வீடு வாங்கும்போது பலர் பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பத்திரம் பார்ப்பது அவசியம்தான். வில்லங்கச் சான்றும் வாங்க வேண்டும். ஆனால் வீடு யாருடையது, அதன் மேல் கடன் உண்டா என்பதைத்தான் இவை சொல்லும். சுவர் உறுதியா என்று சொல்லாது. சில மாநிலங்களில் பதிவுத் துறையினர் நேரில் வந்து பார்ப்பார்கள். அது கட்டடத்தின் மதிப்பைக் கணக்கிட. பலத்தை அறிய அல்ல. அமெரிக்காவில் சில ஊர்களில் நகராட்சி பார்த்துச் சான்று தந்தால்தான் வீட்டை விற்கலாம். நம் நாட்டில் பொதுவாக அந்த முறை இல்லை. ஆகவே நாம்தான் பார்க்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள் போங்கள். கூரையில் ஈரம் தெரியும். துரு நிறத்தில் கறை இருக்கிறதா? உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் காங்கிரீட் வெடித்து உதிரும். பூச்சில் முடி போல ஓடும் கீறலுக்குப் பயம் வேண்டாம். தூணில், உத்தரத்தில் விரிசல் இருந்தால் பொறியாளரிடம் காட்டுங்கள். வீட்டுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்களா? கொஞ்சம் கூடுதலாகவே உற்றுப் பாருங்கள்!

அடுக்குமாடி வீடு என்றால் கீழ் வீட்டையும் விசாரியுங்கள். மும்பை காட்கோபரில் 2017 ஜூலையில் ஒரு கட்டடம் இடிந்து 17 பேர் இறந்தார்கள். அதன் தரைத் தளத்தில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. தூண்களில் கை வைத்துவிட்டார்கள் என்று புகார் எழுந்தது. மேலே குடியிருந்தவர்கள் என்ன செய்வார்கள், பாவம்!

மும்பை மாநகராட்சி ஆபத்தான கட்டடங்களுக்குப் பட்டியல் போடுகிறது. அதில் ‘சி-1’ என்றால் ஆட்களை வெளியேற்றி இடிக்க வேண்டிய கட்டடம். அங்கே 30 ஆண்டு கடந்த கட்டடத்தை உரிமையாளரே பொறியாளரிடம் காட்டிச் சான்று பெற வேண்டும்.

உங்கள் ஊர் நகராட்சியிலும் கேளுங்கள். அந்த வீட்டுக்கு நோட்டீஸ் போயிருக்கிறதா? மாடி கட்ட அனுமதி உண்டா? வாய்வார்த்தையாகக் கேட்டுப் பதில் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-இன்படி 30 நாளில் பதில் தர வேண்டும்.

விற்பவருக்கும் கடமை உண்டு. வெளியே தெரியாத குறை தனக்குத் தெரிந்திருந்தால் அவர் சொல்லியாக வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இப்படிச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் குறையை நீங்கள் பார்க்காமல் விட்டால் அது உங்கள் பொறுப்பு.

கட்டுநரிடம் வாங்கும் புது அடுக்குமாடி வீட்டுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் வரும் வீட்டில், குடியேற ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டுநருக்கு எழுதிக் கொடுங்கள். அவர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். எழுதிக் கொடுத்ததற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.