வைரஸ் தணிந்த பின்னும் ஆபத்து ஏன்?

2003ல் சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கிய சார்ஸ், 33 உயிர்களைப் பறித்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள டான் டோக் செங் மருத்துவமனைதான் அந்நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. இத்தகைய கடும் வைரஸ் நோயில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் தேறிவருவதாகத் தோன்றும்போது மீண்டும் காய்ச்சல் வரும். பல வேளைகளில் அது இரண்டாவது தொற்று.

வைரஸ் சுவாசப் பாதையின் உட்புறத்தைப் புண்ணாக்கிவிடுகிறது. தொண்டையில் செயற்கைச் சுவாசக் குழாய் இருப்பதால் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது; வாயிலுள்ள கிருமிகள் குழாயோரமாக நுரையீரலுக்குள் இறங்கும். தாதியர் தலைமாட்டை உயர்த்தி வைப்பதும் வாயை அடிக்கடி சுத்தம் செய்வதும் அதனால்தான். 2021ல் தமிழகத்தில் கொவிட்-19 நோயாளிகளைத் தாக்கிய கறுப்புப் பூஞ்சையும் இரண்டாவதாக வந்த தொற்றே. கட்டுப்படாத நீரிழிவும் ஸ்டீராய்டு மருந்தும் அதற்கு வழிவிட்டன.

முன்கூட்டியே ஆண்டிபயாட்டிக் கொடுத்தால் என்ன என்று வீட்டார் கேட்பது இயல்பு. அது வைரஸைக் கொல்லாது. தேவையின்றிக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகளே மிஞ்சும். எந்தக் கிருமி என்று அறிய, சளியையும் இரத்தத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரச் சில நாளாகலாம். நிலைமை மோசமானால் காத்திராமல் மருந்தைத் தொடங்கி, பிறகு கிருமிக்கேற்ப மாற்றுவார்கள்.

பார்க்கப் போகும் உறவினர், நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கைகளைச் சுத்தம் செய்யவேண்டும். தமக்கே இருமல் இருந்தால், அன்று போகாமல் தொலைபேசியில் நலம் விசாரிக்கலாம்.